தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் மருந்து எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளாண்மை வெட்டுத் தொடங்கினால் படுவான்கரையிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளிலும் தும்மலும் தொடங்கிவிடும். வெட்டு மெசின் கிளப்பும் தூசி, வைக்கோல் எரிக்கும் புகை, நெல் ஆலையின் தவிட்டுத் தூள் என்று ஒன்று மாறி ஒன்று மூக்குக்குள் போகும். வயல் பக்கமே போகாதவருக்கும் மாரியில் இது வரும். அப்போது காரணம் ஈரச்சுவரில் பூக்கும் பூஞ்சணமும், மெத்தை தலையணையில் பெருகும் தூசிப் பூச்சியும். விடியற்காலையில் அடுக்குத் தும்மல், தண்ணீராக ஓடும் மூக்கு, அண்ணாக்கிலும் கண்ணிலும் அரிப்பு, இரவில் இரண்டு மூக்கும் அடைப்பு. பீனிசம் என்பார்கள் சிலர், அலர்ஜி என்பார்கள் சிலர். சாதாரணத் தடிமன் ஒரு கிழமை, பத்து நாளில் போய்விடும். இது மாதக்கணக்கில் இழுக்கும், அரிப்போடு வரும், காய்ச்சல் இருக்காது.

இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் பல விலை கூடியவையும் அல்ல. ஆனாலும் "எத்தனை மருந்து எடுத்தும் சுகமில்லை" என்ற பேச்சு ஓயவில்லை. விசாரித்துப் பார்த்தால் மருந்தில் குறை இருக்காது. அடைப்புக்கு அரிப்பின் மருந்தை எடுத்திருப்பார்கள், ஒரு மாதம் போட வேண்டியதை மூன்று நாளில் விட்டிருப்பார்கள், மூன்று நாளில் விட வேண்டியதை ஆறு மாதம் போட்டிருப்பார்கள். பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

அடைத்த மூக்குக்குக் குளிசை மட்டும் போடுவது

செற்றிரிசின், லொரட்டடின், பெக்ஸோபெனடின், குளோர்பெனிரமின் எல்லாமே ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலையைத் தடுப்பவை. தும்மல், அரிப்பு, ஓடும் மூக்கு ஆகிய மூன்றுக்கும் நன்றாகக் கேட்கும். அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது, ஏனென்றால் அடைப்பு வருவது மூக்கின் உட்தோல் அழன்று வீங்குவதால். அந்த வீக்கத்தை இறக்குவது ஸ்டீரொயிட் மூக்கு ஸ்ப்ரே. இரவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குபவர், மணம் தெரியாதவர், கிழமையில் நாலைந்து நாள் இந்தத் தொல்லை உள்ளவர் குளிசையின் அளவைக் கூட்டிப் பயனில்லை. டொக்டரிடம் ஸ்ப்ரேயைப் பற்றிக் கேட்க வேண்டும். கண் அரிப்பும் கண்ணீரும் கூட இந்த ஸ்ப்ரேயால் குறையும்.

குளிசை எடுக்கும் நேரத்திலும் பிழை நடக்கிறது. தும்மித் தும்மிக் களைத்த பிறகு போட்டால், வெளியே வந்துவிட்ட ஹிஸ்டமினை அது திருப்பிப் பிடிக்காது. நாளை வட்டைக்குப் போக வேண்டும், நெல் காயவைக்க வேண்டும், பரணைத் துப்பரவாக்க வேண்டும் என்று தெரிந்தால் முதல் நாள் இரவோ, குறைந்தது இரண்டு மணித்தியாலம் முன்போ போட்டுவிட வேண்டும். தூசிக் காலம் முழுவதும் தொல்லைப்படுபவருக்குத் தினமும் ஒரே நேரத்தில் போடுவதே நல்லது.

பெரியவருக்குச் செற்றிரிசினும் லொரட்டடினும் 10 மி.கி. ஒன்று, நாளுக்கு ஒரு தடவை. பெக்ஸோபெனடின் இந்த வருத்தத்துக்கு வழமையாக 120 மி.கி. ஒரு தடவை. இதைத் தோடம்பழச் சாறு, அப்பிள் சாறு போன்றவற்றோடு விழுங்கினால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும், வெறும் தண்ணீரோடுதான் எடுக்க வேண்டும். நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த பாணியும் அப்படியே, இரண்டுக்கும் நடுவே 2 மணித்தியாலம் விடுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவருக்குச் செற்றிரிசின் அளவைக் குறைக்க வேண்டி வரும், அதை டொக்டர் தீர்மானிக்க வேண்டும். நோன்பு காலத்தில் நாளுக்கு ஒன்று எடுக்கும் குளிசையை விட்டுவிடத் தேவையில்லை. நோன்பு திறந்த பிறகு போட்டால் போதும், ஸ்ப்ரேயையும் அந்த நேரத்துக்கே மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் பிரிட்டோன்

கடையில் பிரிட்டோன் என்று கேட்டு வாங்கும் சின்னக் குளிசை குளோர்பெனிரமின் 4 மி.கி. பழைய மருந்து, மலிவு, தும்மலை நிறுத்தும். ஆனால் அது மூளைக்குள் போகும். தூக்கம் மட்டும் வந்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: தூக்கம் வராவிட்டாலும் கவனமும் கைவேகமும் குறையும், அது எடுத்தவருக்கே தெரியாது. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு மெசின் ஓடுபவர், வெட்டு மெசினுக்குப் பக்கத்தில் நிற்பவர், வள்ளத்தில் கடலுக்குப் போபவர், ஆலையில் பட்டி சுற்றும் இடத்தில் வேலை செய்பவர் பகலில் இதை எடுக்கக் கூடாது. சாராயத்தோடு சேர்ந்தால் இன்னும் மோசம். ஓ.எல்., ஏ.எல். சோதனைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மாதக்கணக்கில் இதைக் கொடுப்பது படிப்பில் கை வைக்கிற வேலை.

இரவில் போட்டால் விடிய எழும்பும்போது தெளிந்துவிடும் என்பதும் முழு உண்மையல்ல. மந்தம் அடுத்த நாள் காலைக்கும் நீளும்.

வயதானவர்களுக்கு இது வேறு விதத்திலும் கெடுதல் செய்யும். புரஸ்டேட் பெருத்த ஐயாவுக்குச் சிறுநீர் அடைத்துப் போகலாம். குளுக்கோமா என்ற கண்ணழுத்தம் உள்ளவருக்கு அழுத்தம் கூடலாம். வாய் வறட்சி, மலச்சிக்கல், தடுமாற்றம், விழுதல், இரவில் பிதற்றல் எல்லாம் வரும். அம்மம்மா திடீரென்று ஆளை மாறிப் பேசுகிறா என்றால், அந்தக் கிழமை தடிமனுக்கு என்ன குளிசை கொடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். இவர்களுக்கு லொரட்டடின் அல்லது பெக்ஸோபெனடின் பாதுகாப்பு. செற்றிரிசினும் சிலருக்கு லேசாகத் தூக்கம் தரும், எனவே முதல் சில நாள் இரவில் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்ப்ரேயை மூன்று நாளில் கைவிடுவது, பிழையாக அடிப்பது

அதிகம் பலன் தரக்கூடியதும் அதிகம் வீணாக்கப்படுவதும் இந்தப் போத்தல்தான். பெக்ளோமெதசோன், புளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசொனைட் என்ற பெயர்களில் வரும். அடித்தவுடன் மூக்குத் திறக்காது. ஒரு நாளில் கொஞ்சம் தெரியலாம், முழுப் பலன் வர ஒன்று முதல் இரண்டு கிழமை எடுக்கும். மூன்றாம் நாள் "இது சரிவராது" என்று அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். கஷ்டமான நாளில் மட்டும் அடிப்பதும் அதே அளவு வீண். ஒவ்வொரு வருடமும் வெட்டுக் காலத்தில் வருத்தம் வருபவர், வெட்டுக்கு இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

புளூட்டிகசோனும் மொமெட்டசோனும் ஒரு அழுத்தலுக்கு 50 மைக்ரோகிராம் வருபவை. பெரியவருக்கு ஒவ்வொரு மூக்குக்கும் 2 அழுத்தல், நாளுக்கு ஒரு தடவை. குணம் கண்டதும் 1 அழுத்தலாகக் குறைக்கலாம். பெக்ளோமெதசோன் 50 என்றால் ஒவ்வொரு மூக்குக்கும் 2 அழுத்தல், காலையும் மாலையும். போத்தலில் 120 அழுத்தல் என்று போட்டிருந்தால், நாளுக்கு 4 வீதம் 30 நாளுக்குக் காணும். அதற்குப் பிறகும் அடியில் மருந்து தெரியும். ஆனால் ஒவ்வொரு அழுத்தலிலும் சரியான அளவு வராது, எறிந்துவிட வேண்டும். தொடங்கிய திகதியைப் போத்தலில் பேனையால் எழுதி வையுங்கள்.

அடிக்கும் முறையில் பெரும்பாலானோர் பிழைவிடுவது திசையில். மூக்கின் நடுவே இருக்கும் சுவர் மெல்லியது, இரத்தக் குழாய் நிறைந்தது. வலது கையால் வலது மூக்கில் அடித்தால் குழாய்முனை இயல்பாகவே அந்தச் சுவரைப் பார்க்கும். தினமும் ஒரே இடத்தில் மருந்து பட்டுப் புண்ணாகி இரத்தம் கசியும். பிறகு மருந்து கூடாது என்று பெயர் வரும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. கை மாறினாலே முனை கண்ணின் வெளிக்கோணத்தைப் பார்த்து வெளிப்பக்கம் திரும்பிவிடும்.

முதலில் மூக்கைச் சீறிச் சுத்தமாக்குங்கள். போத்தலைக் குலுக்குங்கள். புதுப் போத்தல் என்றால் சீரான தூவல் வரும் வரை வெளியே அடியுங்கள், சில வகைக்கு 6 தடவை, சில வகைக்கு 10 தடவை என்று தாளில் எழுதியிருக்கும். தலையைக் கொஞ்சம் முன்னே குனியுங்கள். அண்ணாந்து அடித்தால் மருந்து நேரே தொண்டைக்கு ஓடும். முனையைச் சற்றே உள்ளே வைத்து, அழுத்தும்போது மெதுவாக மூச்சை இழுத்து, வாயால் விடுங்கள். "சர்" என்று பலமாக உறிஞ்சுவது கூடாது. தொண்டையில் கசப்புத் தெரிந்தால் மருந்து மூக்கில் நிற்கவில்லை, வயிற்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அடித்தபின் பத்து நிமிடமாவது சீற வேண்டாம். முனையைச் சுத்தமான துணியால் துடைத்து மூடுங்கள். அடைபட்டால் இளஞ்சூட்டு நீரில் கழுவலாம், ஊசியால் குத்தினால் துளை பெருத்து அளவு மாறும்.

ஸ்டீரொயிட் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைக்கு வேண்டாம் என்று அம்மாமார் பயப்படுவது விளங்குகிறது. ஆனால் புளூட்டிகசோன், மொமெட்டசோன் மூக்கிலிருந்து இரத்தத்தில் சேருவது மிகச் சிறிய அளவு. பிள்ளைக்கு மிகக் குறைந்த அளவில் கொடுத்து, நீண்ட நாள் எடுத்தால் உயரத்தை அளந்து கவனித்தால் போதும். அந்தப் பயத்தில் ஸ்ப்ரேயை விட்டுவிட்டு, உண்மையிலேயே உடம்பெல்லாம் போகும் ஸ்டீரொயிட் குளிசையை எடுப்பதுதான் கவலைக்குரியது.

உடனே திறக்கும் சொட்டு மருந்தில் சிக்குவது

ஒக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகள் சில நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும், வீங்கிய குழாய்களைச் சுருங்க வைப்பதால். சிக்கலும் அங்கேதான். மருந்து இறங்கியதும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கும். முதல் கிழமை இரவுக்கு ஒரு தடவை, அடுத்த கிழமை மூன்று தடவை, பிறகு சட்டைப் பையில் போத்தல் இல்லாமல் வெளியே போக முடியாத நிலை. இப்போது மூக்கை அடைப்பது தூசியே அல்ல, அந்தச் சொட்டு. தொடர்ந்து 3 நாள், மிஞ்சினால் 5 நாள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வாமை மாதக்கணக்கில் நிற்பது. ஐந்து நாள் மருந்தால் அதை நடத்த முடியாது.

ஏற்கனவே சிக்கியவர் வெளியே வரலாம். டொக்டரைக் கேட்டு ஸ்டீரொயிட் ஸ்ப்ரேயைத் தொடங்கி, சொட்டை முதலில் ஒரு மூக்கில் நிறுத்துங்கள். மற்ற மூக்கால் மூச்சு விட்டு இரவைக் கடத்தலாம். நிறுத்திய பக்கம் திறந்தபின் மற்றதையும் நிறுத்துங்கள். முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும், ஓரிரு கிழமையில் பெரும்பாலும் தணியும். பிரஷர், இருதய வருத்தம், கண்ணழுத்தம் உள்ளவர் இந்தச் சொட்டைக் கேட்காமல் வாங்க வேண்டாம். பெரியவரின் 0.1% சைலோமெட்டசோலின் போத்தலைச் சின்னப் பிள்ளைக்கு விடவே கூடாது.

பெயர் தெரியாத கடதாசி உறை

பாமசியில் "தும்மலுக்கு ஒரு செட்" என்று கேட்டால் வெள்ளைக் கடதாசி உறையில் மூன்று நிறக் குளிசை வரும். உறையில் வேளைக்கு ஒன்று என்று மட்டும் எழுதியிருக்கும். அதற்குள் குளோர்பெனிரமின் இருக்கலாம், பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் இருக்கலாம், அன்டிபயோட்டிக் இருக்கலாம். ஒவ்வொன்றின் பெயரும் மில்லிகிராமும் உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, எந்த நல்ல பாமசிக்காரரும் மறுக்கமாட்டார். நாளைக்கு உடம்பு கடித்தாலோ மயக்கம் வந்தாலோ ஆஸ்பத்திரியில் காட்ட அந்த உறைதான் உதவும்.

தடிமன் குளிசைகளில் பரசிட்டமோலும் குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் ஒன்றாக அடைத்திருக்கும். அதோடு தனியாகப் பிரிட்டோனும் பனடோலும் போட்டால் இரண்டும் இரட்டை அளவு. பரசிட்டமோல் 500 மி.கி. பெரியவருக்கு நாளுக்கு 8 குளிசையைத் தாண்டக் கூடாது, கலவைக் குளிசையில் இருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். பினைலெப்ரினை வாயால் எடுத்து மூக்கடைப்புக் குறையாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் நிபுணர் குழு 2023 செப்டெம்பரில் முடிவு சொன்னது. அதைக் கடை மருந்துகளிலிருந்து நீக்க 2024 நவம்பரில் அந்த நிறுவனமே முன்மொழிந்தது. எனவே அந்தக் கலவைக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. சூடோஎபெட்ரின் உள்ளவை அடைப்பைக் குறைக்கும், ஆனால் பிரஷரையும் நெஞ்சுப் படபடப்பையும் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும்.

பிரெட்னிசொலோன் போட்டால் இரண்டு நாளில் சொர்க்கம் போல இருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். சீனி வருத்தக்காரருக்குச் சீனி ஏறும், பிரஷர் ஏறும், வயிறு எரியும், நாளாக ஆக எலும்பு தேயும், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீரொயிட் குறையும். நீண்ட நாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டொக்டர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். "ஒரு ஊசி போட்டால் வெட்டு முடியும் வரை தும்மல் இல்லை" என்று கேட்டுப் போடும் ஊசியும் இதே மருந்து வகைதான். போட்டபின் அதை உடம்பிலிருந்து திருப்பி எடுக்க முடியாது. இந்த வருத்தத்துக்கு அந்த ஊசி பரிந்துரைக்கப்படுவதில்லை.

அமொக்ஸிசிலின் போன்ற அன்டிபயோட்டிக் ஒவ்வாமைக்கு எந்த வேலையும் செய்யாது. மொன்டலுகாஸ்ட் கலந்த குளிசை இப்போது தாராளமாக எழுதப்படுகிறது. முட்டும் (ஆஸ்துமா) சேர்ந்து உள்ளவருக்கு அதனால் பயன் உண்டு. ஆனால் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரக்கூடும் என்பதால் அமெரிக்காவில் 2020 மார்ச்சில் அதற்குக் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. தும்மலுக்கு மட்டும் என்றால் மற்றவை பலிக்காதபோதுதான் அதை எடுக்க வேண்டும். பிள்ளையின் குணம் மாறினால் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகள், கர்ப்பிணிகள்

செற்றிரிசின் பாணி பெரும்பாலும் 5 மி.லீ.யில் 5 மி.கி. 2 முதல் 5 வயதுக்கு 2.5 மி.லீ., 6 முதல் 11 வயதுக்கு 5 மி.லீ., நாளுக்கு இரண்டு தடவை. போத்தல்கள் மாறும் என்பதால் லேபலை ஒவ்வொரு தடவையும் வாசியுங்கள். தேத்தண்ணிக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, அளவு மூடியோ ஊசியில்லாச் சிரிஞ்சோ வேண்டும். பிரயாணத்தில் தூங்கட்டும் என்று பிரிட்டோன் பாணி கொடுப்பது கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்டதற்குக் கேட்காமல் எதுவும் வேண்டாம். ஒரே மூக்கில் மட்டும் நாற்றமாகச் சளி ஓடினால் அது அலர்ஜி அல்ல. புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ளே இருக்கலாம், காதுமூக்குத்தொண்டை கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

கர்ப்ப காலத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரவெல்லாம் மூச்சுத் திணறத் தேவையில்லை. உப்பு நீரும் புடெசொனைட் ஸ்ப்ரேயும் செற்றிரிசின், லொரட்டடினும் நீண்ட காலமாகப் பாவிக்கப்படுபவை, கிளினிக்கில் கேட்டுத் தொடங்கலாம். பால் கொடுக்கும் தாய்க்குப் பிரிட்டோன் வேண்டாம், பிள்ளையும் மந்தமாகலாம்.

கண்ணுக்கும் மூக்குக்கும் விடும் நீர்

கண் அரிப்புக்கு ஒலோபட்டடின் அல்லது சோடியம் குரோமோகிளைகேட் 2% சொட்டு. குரோமோகிளைகேட் நாளுக்கு நாலு தடவை விட வேண்டும், அரிக்கும்போது மட்டும் விட்டால் பலிக்காது. பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் சொட்டை விடுவதுதான் மிகப் பெரிய பிழை. கண்ணழுத்தம் கூடலாம், புரை வரலாம், வைரசுக் கிருமி இருந்தால் கருவிழியே பழுதாகும். திறந்த கண் மருந்தைப் பொதுவாக 4 கிழமையில் எறிந்துவிட வேண்டும்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது தூசியையும் சளியையும் அகற்றி மற்ற மருந்து வேலை செய்ய வழிவிடும். கிணற்றுத் தண்ணியையோ குழாய்த் தண்ணியையோ நேரே மூக்குக்குள் விடக் கூடாது. மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கக்கூடிய அமீபா நன்னீரில் வாழக்கூடியது. அப்படி நடப்பது அபூர்வம், நடந்தால் பிழைப்பதும் அபூர்வம். கொதித்தாறிய தண்ணி அரை லீற்றருக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பு, உடம்புச் சூட்டில். எரிந்தால் அப்பச்சோடா கொஞ்சம் சேருங்கள். மிச்சத்தை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம். கழுவிப் பதினைந்து நிமிடம் கழித்து ஸ்ப்ரே. வேது பிடிப்பது கொஞ்ச நேரச் சுகம்தான், கொதிநீர்ச் சட்டி பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வேண்டாம். மென்தோல் களிம்பு மூக்குத் திறந்த உணர்வைத் தரும், வீக்கத்தைக் குறைக்காது.

வேறு வருத்தத்தை அலர்ஜி என்று நினைப்பது

காய்ச்சல் இருந்தால் அது அலர்ஜி அல்ல. மாரியில் டெங்கு பரவும் நாட்களில் "தடிமன்தான்" என்று கலவைக் குளிசையில் காய்ச்சலை மறைத்து நாளைக் கடத்துவது உயிராபத்து. இபுபுரோபன், டைக்ளோபெனக் வேண்டாம், பரசிட்டமோல் மட்டும். இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, இரத்தம் கலந்த சளி, முகத்தில் கடும் வலி என்றாலும் டொக்டரைக் காட்டுங்கள்.

தும்மலோடு இரவு இருமல், நெஞ்சில் விசில் சத்தம், மாடி ஏற மூச்சு வாங்குதல் இருந்தால் முட்டும் கூட இருக்கிறது. மூக்குக்கு மருந்து எடுத்து நெஞ்சை விட்டுவிடக் கூடாது. ஒரு வசனத்தை முழுவதும் பேச முடியாத அளவுக்கு இளைத்தால் குளிசை தேடிக்கொண்டு இருக்க வேண்டாம், 1990 அம்புலன்சை இலவசமாக அழைக்கலாம்.

எதனால் வருகிறது என்று பார்க்கத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்குத் திகதி கிடைத்திருந்தால், செற்றிரிசின், லொரட்டடின், பிரிட்டோன் எல்லாவற்றையும் 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்துங்கள். தடிமன் கலவைக் குளிசையும் அதில் அடக்கம். நிறுத்தாமல் போனால் தோல் தடிக்காது, ஒன்றும் இல்லை என்று பிழையான பதில் வரும். மூக்கு ஸ்ப்ரேயை நிறுத்தத் தேவையில்லை.